காஸ்ட்லெஸ் கலெக்டிவ்: விமர்சனங்கள் கேட்காமல் விட்ட ஓசை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் தமிழ்த் தனியிசைக் குழுக்களைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். திரைப்படத்துக்கு வெளியே நின்று தமிழில் பாட்டுக் கட்டும் இளைஞர்களுக்கு ஒரு நாளிதழ் ஒரு முழுப்பக்கத்தை ஒதுக்குவது அடிக்கடி நடப்பதில்லை. அதற்கு முதலில் என் நன்றி. அக்கட்டுரையில், வடசென்னைக் கானாவை ராக்கோடும் ராப்போடும் சேர்த்துப் பாடிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவுக்கு ஒரு பத்தி கிடைத்திருந்தது. 'எதிர்ப்பின் குரல்', 'அரசியல் இசை', 'சமூகநீதிப் பாடல்கள்' ஆகிய சொற்கள் அப்பத்தியில் இருந்தன. அக்குழு என்னென்ன கருவிகளை வாசித்தது, அவற்றை யார் வாசித்தார்கள், அந்த ஓசை கேட்பவரை என்ன செய்தது என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கட்டுரையாளரைத் தனியே குறை கூறுவது என் நோக்கமன்று. 2018 முதல் இன்றுவரை அக்குழுவைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் நான் வாசித்தவற்றுள் பெரும்பாலானவை இப்படியே எழுதப்பட்டிருக்கின்றன என்பதால்தான் இந்த நீண்ட கடிதத்தை எழுதத் துணிந்தேன்.

நான் புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்தவன். மிருதங்கம் முறையாகக் கற்று, பள்ளிகளில் இசையாசிரியராக முப்பத்தோராண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எங்கள் தெருவில் யாரேனும் இறந்துவிட்டால் மாலைக்குள் மோளம் வந்துவிடும். கருமாதிக்கு முந்தைய இரவில் பந்தலில் விடிய விடியக் கானா நடக்கும். மறுநாள் காலை நான் மிருதங்க வகுப்புக்குச் செல்வேன். இரவெல்லாம் காதில் விழுந்த அடி விரலில் தானாக வந்துவிடும். அப்போது என் ஆசிரியர் கையைப் பிடித்து நிறுத்தி, 'அது சத்தம், இது வாத்தியம்' என்பார். அவரிடம் நான் பெற்ற பாடத்துக்கு இன்றும் கடமைப்பட்டவன். ஆயினும் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் என் மாணவர்கள் எவரிடமும் நான் சொன்னதில்லை.

2018 ஜனவரி 6ஆம் நாள் மாலை, கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் இக்குழுவின் முதல் கச்சேரி நடந்தது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. பத்தொன்பது பேர், அவர்களுள் ஒருவர் மட்டுமே பெண். அயோத்திதாசப் பண்டிதர் ஒரு நூற்றாண்டுக்கு முன் முன்வைத்த 'சாதி பேதமற்ற' என்னும் சொல்லாட்சியிலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்ட குழு. மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் இருந்தனர். அவர்களுள் நானும் ஒருவன். மேடையில் சட்டி என்னும் சிறு மோளமும் கட்டை மோளமும் பறையும் மின்கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் அருகில் அதே உயரத்தில், அதே வெளிச்சத்தில் வைக்கப்பட்டிருந்ததைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டேன். இழவு வீட்டு வாசலோடு நின்றுபோன அக்கருவிகள் ஒரு கச்சேரி மேடையில் கணீரென்று ஒலிக்கக் கேட்பதற்கு நான் அறுபது வயதைக் கடக்க வேண்டியிருந்தது.

மறுநாளும் அதற்கடுத்த வாரங்களிலும் வெளிவந்த செய்திகளையும் விமர்சனங்களையும் தேடித் தேடி வாசித்தேன். குழுவினர் கோட்டு அணிந்து வந்ததை எழுதினார்கள். அம்பேத்கரை எழுதினார்கள். இட ஒதுக்கீட்டைப் பற்றிய பாடலையும் மாட்டுக்கறியைப் பற்றிய பாடலையும் ஆணவக்கொலையைப் பற்றிய பாடலையும் வரிக்கு வரி எடுத்துக்காட்டினார்கள். இவையெல்லாம் எழுதப்பட வேண்டியவையே. அச்சொற்களுக்காகவே பலர் அக்குழுவைக் கொண்டாடினார்கள். அதே சொற்களுக்காகவே வேறு பலர் வெறுத்தார்கள். இரு தரப்பாரும் கேட்டது பாட்டின் வரியை மட்டுமே என்பதுதான் என் வருத்தம். பாட்டைப் படித்துப் பார்த்தவர்களைப் போலத்தான் எழுதினார்களேயன்றி, அதைக் கேட்டவர்களைப் போல எழுதவில்லை. அந்த வரிகளை ஒரு துண்டறிக்கையில் அச்சிட்டுக் கொடுத்திருந்தாலும் அதே விமர்சனத்தை எழுதியிருக்கலாம்.

அம்மேடையில் இருந்தவர்களின் பெயர்களை இங்கே எழுத விரும்புகிறேன். டோலக் தரணி. சட்டி சரத். கட்டை மோளம் கௌதம். பறையும் தவிலும் நந்தன். டிரம்ஸ் மனு கிருஷ்ணன். கிட்டார் சாகிப் சிங். பாடியவர்களுள் இசைவாணி, அறிவு, முத்து, பாலச்சந்தர், செல்லமுத்து ஆகியோர் இருந்தனர். டிசம்பர் மாதத்தில் சபாக் கச்சேரி ஒன்றைப் பற்றித் தங்கள் நாளிதழ் நான்கு வரி எழுதினாலும் அதில் வயலின் யார், மிருதங்கம் யார், கடம் யார் என்று இருக்கும். தாளக் கலைஞர்கள் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம் எப்படி அமைந்தது என்பதற்கு ஒரு வரியாவது இருக்கும். சட்டி வாசித்தவருக்கு அந்த ஒரு வரி கிடைக்கவில்லை. அக்குழுவை வாயாரப் புகழ்ந்த கட்டுரைகளிலும் அவர் 'பாரம்பரியத் தாளக் கலைஞர்கள்' என்னும் கூட்டத்துக்குள் கரைந்துபோனார்.

சட்டி என்பது என்ன என்று அறியாத வாசகர்கள் தங்கள் நாளிதழுக்கு நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். வாய் அகன்று அடி குவிந்த சிறிய மோளம் அது. இடுப்போடு கட்டிக்கொண்டு இரண்டு குச்சிகளால் வாசிப்பார்கள். ஓசை சிறியதாக, கூர்மையாக, வறண்டு இருக்கும். அடித்த மாத்திரத்தில் நின்றுவிடும், நாதம் நீளாது. அதனால் அடிகளை மிக நெருக்கமாக அடுக்க முடியும். எவ்வளவு வேகமாக வாசித்தாலும் ஒன்றோடொன்று குழம்பாது. கட்டை மோளத்தின் ஓசை இதற்கு நேரெதிர்: கனத்தது, தாழ்ந்தது, நெஞ்சுக்கூட்டில் வந்து முட்டுவது. சட்டி பேசிக்கொண்டே இருக்க, கட்டை மோளம் நிறுத்தற்குறி இடும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் ஆடுபவரின் உடல் நுழைகிறது. வடசென்னையில் ஊர்வலத்தின் முன்னால் ஆடிச் செல்பவர்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இது புரியும். அவர்களுடைய பாதம் கட்டை மோளத்துக்கும் தோளும் கையும் சட்டிக்கும் ஆடும்.

மிருதங்கத்தில் வலப்பக்கமான வலந்தலையும் இடப்பக்கமான தொப்பியும் ஒரே கருவிக்குள், ஒரே மனிதரின் இரு கைகளுக்குள் இருக்கின்றன. இங்கே அவை இரண்டு மனிதர்களாகப் பிரிந்து நிற்கின்றன. ஒருவர் மற்றவரின் முகத்தைப் பார்க்காமல் வாசிக்க முடியாது. தெருவில் நடந்துகொண்டே, கூட்டத்தின் நெருக்கத்தில், அழுகைக் குரல்களுக்கு நடுவே அவர்கள் அந்தப் பொருத்தத்தைக் காக்கிறார்கள். எழுதி வைத்த பாடமோ, அடிகளை வாய்ச்சொல்லாகக் குறிக்கும் சொற்கட்டு நூலோ இன்றித் தகப்பனிடமிருந்தும் தமையனிடமிருந்தும் கேட்டுக் கேட்டே பெற்ற பயிற்சி அது. ஒரு குழு இந்தக் கலையை மேடைக்குக் கொண்டுவருகிறது என்றால், அதைப் பற்றி எழுத வருபவர் முதலில் கவனிக்க வேண்டியது இந்தப் பொருத்தம் மேடையில் என்ன ஆகிறது என்பதையே.

ஏனெனில் மேடையில் புதிதாக ஒரு சிக்கல் வருகிறது. கானாவின் அடி பெரும்பாலும் திஸ்ர நடை; ஒவ்வோர் எண்ணிக்கையும் மூன்றாகப் பிரியும். ராக் இசையின் வழக்கமான அடி நான்கு எண்ணிக்கை. இரண்டாவதிலும் நான்காவதிலும் ஸ்னேர் டிரம்மின் அடி விழும், ஒவ்வோர் எண்ணிக்கையும் இரண்டாகப் பிரியும். இவ்விரண்டையும் ஒரே பாட்டில் வைக்கும்போது யாரேனும் ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும், அல்லது இருவரும் தத்தம் நடையிலேயே நின்று ஒன்றின்மேல் ஒன்றாக ஓட வேண்டும். முதலாவது எளிது, திரைப்படப் பாடல்கள் பலவற்றில் அதைத்தான் கேட்கிறோம், மோளம் வெறும் அலங்காரமாக நிற்கும். இரண்டாவது கடினம். காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் சிறந்த தருணங்களில் இந்தக் கடினமான வழியை அவர்கள் தேர்ந்துகொண்டதாகவே என் காதுக்குப் பட்டது. டிரம்ஸ் நான்கைப் பிடித்துக்கொண்டு நிற்க, சட்டி தன் மூன்றை விடாமல் ஓடி, சில தாளச் சுற்றுகளுக்குப் பின் இரண்டும் ஒரே அடியில் வந்து விழும்போது மைதானத்தில் எழுந்த ஆரவாரத்தை வரிகளுக்கு எழுந்த ஆரவாரமாக மட்டுமே விமர்சகர்கள் குறித்துக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் பாதிப்பேருக்கு அந்த அடி சிறுவயதிலிருந்தே உடம்பில் ஊறியது. அது முழுதாக வந்து சேர்ந்ததற்குத்தான் அவர்கள் கத்தினார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

ராப்பைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அறிவு பாடுவதைக் குறித்து எழுதியவர்கள் அது அமெரிக்காவிலிருந்து வந்த வடிவம் என்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள். கானாப் பாடகர் தாளமில்லாத தொகையறாவாக ஒரு வரியை இழுத்துப் பாடி, பின்பு சட்டென்று தாளத்துக்குள் இறங்கி, இயைபுத் தொடைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டுவதைக் கேட்டவர்களுக்கு இரண்டு வடிவங்களும் எங்கே கை கோக்கின்றன என்பது எளிதில் விளங்கும். எதுகையையும் மோனையையும் இயைபையும் பள்ளியில் இலக்கணமாகப் படிக்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாத கானாப் பாடகர்கள் பந்தலில் உட்கார்ந்து, இறந்தவரின் பெயரை வைத்து, அவற்றை அந்த நொடியில் கட்டிப் பாடியதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். அந்த மரபுக்கு அருகில் ராப் வந்து உட்காரும்போது எந்தச் சொல்லில் அழுத்தம் மாறுகிறது, பேச்சின் வேகம் எங்கே கூடுகிறது என்பதையெல்லாம் எழுதத் தமிழில் யாப்பிலக்கணச் சொற்கள் தயாராக இருக்கின்றன. அவற்றை எடுத்துப் பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவு.

இசைவாணியின் குரலுக்கு வருகிறேன். 2020இல் பி.பி.சி. வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. ஆண்களே பாடிவந்த கானாவைப் பெண்ணாகப் பாடுகிறார் என்பதற்கான சிறப்பு அது. வடசென்னையின் ஒரு பெண்ணுக்கு அந்தப் பெருமை கிடைத்தபோது எங்கள் தெருவில் இனிப்பு வழங்கினோம். ஆயினும் அதன்பின் அவரைப் பற்றி வந்த கட்டுரைகள் அனைத்தும் 'பெண் கானாப் பாடகி' என்ற மூன்று சொற்களையே திரும்பத் திரும்பச் சொன்னன. கானாவின் சுருதியும் சங்கதியும் ஆண் குரலுக்கென்று அமைந்தவை. ஆண் பாடகர்கள் மேல் ஸ்தாயியில் தொண்டையைத் திறந்து கத்திப் பாடும் இடத்தில் ஒரு பெண் குரல் என்ன செய்யும்? மேலே ஏறினால் மெலிந்துவிடும் அபாயம் உண்டு. கீழே இறங்கினால் மோளத்துக்குள் மறைந்துவிடும் அபாயம் உண்டு. இசைவாணி நடு ஸ்தாயியில் நின்று, சொல்லின் முதல் எழுத்தைக் கடித்து, முடிவில் குரலைத் தேய்க்காமல் வெட்டி நிறுத்துகிறார். மோளத்துக்கு நடுவிலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுவது அதனால்தான் என்று நினைக்கிறேன். இது என் கேள்வியறிவு, வேறொருவர் மறுக்கலாம். மறுத்து எழுதினால் மகிழ்ச்சியோடு வாசிப்பேன். அப்படி ஒரு விவாதம் நடக்கவே இல்லை என்பதுதான் என் குறை.

சபரிமலை வழக்கில் 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக் காலத்தை ஒட்டி எழுந்த ஒரு பாடலுக்காக, ஆறு ஆண்டுகள் கழித்து 2024 நவம்பரில் இசைவாணிமீது புகார்கள் அளிக்கப்பட்டன. வசைகள் குவிந்தன. அந்த நாள்களில் ஏடுகளில் அவர் பெயர் நாள்தோறும் வந்தது; அந்தப் பாடல் இசையாக எப்படி அமைந்திருக்கிறது என்ற ஒரு வரி எனக்குக் காணக் கிடைக்கவில்லை. ஒரு பாடலின் கருத்தை ஏற்காதிருக்க எவருக்கும் உரிமை உண்டு. ஒரு பாடகி வழக்காகவும் செய்தியாகவும் மட்டுமே நினைவில் நிற்பது அவருடைய கலைக்கு நேரும் இழப்பு.

அறிவுக்கு நேர்ந்ததும் இதையொத்ததே. 2021இல் உலகெங்கும் பரவிய அவருடைய 'என்ஜாய் எஞ்சாமி' பாடலை முன்னிட்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் வெளியிட்ட அட்டைப்படத்தில் அவர் இல்லை. பாடலை எழுதியவரும் பாடியவருமான அவர் விடுபட்டதற்கு எழுந்த எதிர்ப்பு முற்றிலும் நியாயமானது. பின்னர் அவ்விதழ் அவரையும் அட்டையில் வெளியிட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அப்பாடல் பிறந்ததை அறிவு பலமுறை சொல்லியிருக்கிறார். அதில் ஒப்பாரியின் இழுவை எங்கே வருகிறது, அது எப்படி ஆட்டப்பாட்டாக மாறுகிறது என்று எழுதுவதற்கு அந்த வாரங்களில் எத்தனை பக்கங்கள் இருந்தன! அட்டைப்படத்தைப் பற்றிய சர்ச்சை முடிந்ததும் பாட்டைப் பற்றிய பேச்சும் முடிந்துவிட்டது.

நம்மிடம் இசை விமர்சன மரபு இல்லாமலில்லை. 1930களில் ஆனந்த விகடனில் கல்கி 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் 'ஆடல் பாடல்' பகுதியை எழுதியபோது, ராகத்தின் பெயர்கூடத் தெரியாத வாசகரும் அடுத்த கச்சேரிக்குப் போகத் துடித்தார்கள் என்று என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். 2007இல் மறையும்வரை சுப்புடு எழுதிய விமர்சனங்களுக்கு வித்வான்கள் அஞ்சினார்கள். அவர் எழுதாமல் விட்டாலும் வருந்தினார்கள். கேட்ட ஓசையைச் சொல்லாக மாற்றுவதற்கு அவர்களிடம் தமிழ் இருந்தது. அந்தத் தமிழ் சபாவின் வாசலைத் தாண்டி வெளியே வரவில்லை. 'நாட்டுப்புற இசை' என்று நாம் வைத்துக்கொண்ட பெயரும் இதற்கு ஒரு காரணம். அப்பெயரைச் சொன்னதும் வயலும் வரப்பும் மனக்கண்ணில் தோன்றும். கொல்லங்குடி கருப்பாயி அதற்குள் அடங்குவார், விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் அடங்குவார். இராயபுரத்துச் சந்தில் பாடுபவர் அடங்கமாட்டார். கானா நகரத்தில் பிறந்தது. துறைமுகத்தையும் ஆலைகளையும் குடிசைப் பகுதிகளையும் சேர்ந்தது. சித்தர் பாடல்களும், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடசென்னையில் வாழ்ந்த குணங்குடி மஸ்தான் சாகிபுவின் பாடல்களும் அதில் கலந்திருப்பதாக ஆய்வாளர்கள் கூறுகிறார்கள். இவ்வளவு பழமையும் கலப்பும் கொண்ட ஓர் இசை, நாட்டுப்புறப் பகுதியிலும் இடம்பெறாமல் செவ்வியல் பகுதியிலும் இடம்பெறாமல், 1990களில் தேவாவின் இசையில் திரைக்கு வந்தபின் குடிப்பாட்டாகவும் காதல் தோல்விப் பாட்டாகவும் மட்டுமே அறியப்பட்டது. ஆகவே காஸ்ட்லெஸ் கலெக்டிவ் வந்தபோது விமர்சகர்களின் கையில் அதை அளக்க அளவுகோல் இருக்கவில்லை. அரசியல் என்ற ஒரே கோலால் அளந்தார்கள்.

முன்பும் இப்படி நடந்திருக்கிறது. கே.ஏ. குணசேகரன் 'தன்னானே' கலைக்குழுவோடு ஊர் ஊராகச் சென்று பாடிய காலத்தில், கீழவெண்மணிப் படுகொலையை ஒட்டிக் கவிஞர் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாடலை அவர் குரலில் கேட்டு உறைந்துபோனவர்கள் ஆயிரமாயிரம் பேர். இருவரும் 2016இல் மறைந்தனர். அஞ்சலிக் கட்டுரைகள் அனைத்தும் குணசேகரனின் போராட்டத்தையும் ஆய்வையும் போற்றின. ஒலிபெருக்கி இல்லாத மைதானத்தின் கடைசி வரிசைவரை சென்ற அந்தக் குரலின் திறப்பு, ஒரு சொல்லை இரண்டாம் முறை பாடும்போது அவர் சுருதியைச் சற்றே உயர்த்தும் அழகு, இவற்றை அடுத்த தலைமுறைப் பாடகர் ஒருவர் வாசித்துக் கற்றுக்கொள்வதற்கு எழுத்தில் நாம் எதை விட்டுவைத்தோம்?

கொல்கத்தாவின் கதை ஒன்று என் நினைவில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. 1970களின் நடுவில் கௌதம் சட்டோபாத்யாயும் அவர் நண்பர்களும் 'மொஹீனேர் கோராகுலி' என்னும் குழுவைத் தொடங்கினார்கள். வங்காளத்து நாடோடிப் பாடகர்களான பாவுல்களின் மெட்டையும் மேற்கத்திய இசையையும் சேர்த்து, நகரத்து இளைஞனின் தவிப்பை வங்காளியில் பாடினார்கள். 1977க்கும் 1979க்கும் இடையில் மூன்று இசைத்தட்டுகள் வந்தன. அன்றைய கொல்கத்தா அவற்றைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. சில ஆண்டுகளில் குழு கலைந்தது. 1995இல் அவர்களின் பாடல்கள் இளைய பாடகர்களின் குரலில் மீண்டும் தொகுக்கப்பட்டபோதுதான் ஒரு தலைமுறை முழுவதும் அவற்றைத் தன் பாட்டாக ஏற்றுக்கொண்டது. நான்கே ஆண்டுகளில், 1999இல், கௌதம் காலமானார். இன்று வங்காளத்தில் அக்குழுவை முன்னோடி என்கிறார்கள். முதல் இசைத்தட்டு வந்த ஆண்டிலேயே அந்த மெட்டில் பாவுல் எங்கே, கிட்டார் எங்கே என்று கவனித்துக் கேட்டு எழுதிய பலர் இருந்திருந்தால், அந்த இளைஞர்கள் இன்னும் எத்தனை பாடல்கள் செய்திருப்பார்களோ என்று எண்ணாமலிருக்க முடியவில்லை.

இவ்வளவு சொன்னதால் இக்குழுவின் இசையில் எனக்குக் குறையே தோன்றவில்லை என்று கொள்ள வேண்டாம். கானாவின் உயிர் அதன் இழுவையில் இருக்கிறது. பாடகர் தாளத்தை நிறுத்தி வைத்துவிட்டு ஒரு வரியோடு தனித்திருக்கும் நேரம் அது. ராக்கும் ராப்பும் இடைவிடாத ஓட்டத்தை விரும்புகின்றன. இரண்டும் சேரும்போது இழுவைக்கான இடம் சுருங்குகிறது; சில பாடல்களில் அது இன்னும் சற்று நீண்டிருக்கலாம் என்று எனக்குப் பட்டது. மின்கிட்டாரின் கரகரப்பும் சட்டியின் கூர்மையும் ஓசையின் மேல்தளத்தில் ஒன்றோடொன்று மோதக்கூடியவை. கிட்டார் ஒதுங்கி நின்ற இடங்களில்தான் சட்டியை என்னால் முழுமையாகக் கேட்க முடிந்தது. முழக்கமாக முடியும் பல்லவிகள் கூட்டத்தோடு சேர்ந்து பாட ஏற்றவை என்றாலும், சரணத்தில் கானாப் பாடகர் கட்டிய நுட்பத்தை அவை சில நேரம் மறைத்துவிடுகின்றன. இவற்றை ஒரு சபாக் கலைஞரைப் பற்றி எழுதுவதைப் போலவே எழுதுகிறேன். அரசியலை ஆதரிப்பவர்கள் இசையில் குறை சொல்லத் தயங்குகிறார்கள். குறை சொன்னால் எதிரியின் கைக்கு ஆயுதம் கொடுத்ததாகிவிடும் என்று அஞ்சுகிறார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது, ஏனெனில் எனக்கும் அது இருந்தது. ஆனால் குறை சொல்லத் தகுதியானது என்று ஒரு கலையை மதிப்பதுதான் அதைக் கலையாக ஏற்பதன் முதல் அடையாளம். மிருதங்க மேதை பாலக்காட்டு மணி ஐயரின் வாசிப்பைப் பற்றி வாதாடியவர்களெல்லாம் அவரைக் கலைஞர் என்று ஒப்புக்கொண்டபின் வாதாடியவர்களே.

2020 டிசம்பரில் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' நிகழ்ச்சி, சபாக்களின் அதே பருவத்தில் பறையையும் கானாவையும் ஒப்பாரியையும் மேடையேற்றுகிறது. அதற்குச் செய்தியாளரை அனுப்புகிறீர்கள். நிகழ்ச்சியில் பேசிய தலைவர்களின் பெயர்களும் கூட்டத்தின் அளவும் தவறாமல் வந்துவிடுகின்றன. வரும் மார்கழியில் தங்கள் இசை விமர்சகரை அங்கே அனுப்புமாறு வேண்டுகிறேன். மயிலாப்பூரில் காலைக் கச்சேரியைக் கேட்டு எழுதும் அதே விமர்சகர் மாலையில் இங்கே வந்து அமரட்டும். தாளம் போட்டுக் கேட்கட்டும். புரியாத இடத்தில் வாசித்தவரிடமே சென்று கேட்கட்டும். அடியின் பெயரை அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டு அச்சிடுங்கள். சட்டி, கட்டை மோளம், பறை, டோலக் வாசித்தவர்களின் பெயர்களைப் பாடியவரின் பெயருக்கு அடுத்த வரியில் போடுங்கள். இடமிருந்தால் அக்கலைஞர்களுள் ஒருவரையே தம் கருவியைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். எழுதும் பழக்கம் இல்லாதவர் என்றால் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ள ஒருவரை அனுப்புங்கள்.

புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் மோளம் வாசிக்கும் பெரியவர்கள் சிலரிடம் உட்கார்ந்து, கடந்த ஆறு ஆண்டுகளாக அவர்கள் சொல்லும் அடிகளைச் சொற்கட்டாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறேன். ஊர்வலம் புறப்படும்போது ஓர் அடி, தெருமுனை திரும்பும்போது வேறோர் அடி, இடுகாட்டு வாசலில் மற்றோர் அடி என்று நாற்பதுக்கு மேல் சேர்ந்திருக்கின்றன. சொல்லிக் கொடுத்தவர்களுள் இருவர் இப்போது உயிரோடு இல்லை. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் பாடல்களில் இவற்றுள் எவை என் காதுக்குப் பிடிபட்டனவோ அவற்றைப் பக்கத்திலேயே குறித்து வைத்திருக்கிறேன். சொல்லிக் கொடுத்தவர்களின் பெயரோடு அவற்றை வெளியிடத் தாங்கள் இசைந்தால், நோட்டுப் புத்தகத்தின் படியை அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற பள்ளி இசையாசிரியர்,
புளியந்தோப்பு, சென்னை